மாத்தாளாகப் போன ஞாயிறுகள்

ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் நாற்பது வயது ஆம்பளை உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும். அப்படிப் பத்துப் பதினைந்து பேர், தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. சுவரில் அணில், ஆடு, இலை, ஈ என்று படங்கள் ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை டீச்சர் போட்ட கூட்டல் கணக்கு கரும்பலகையில் அழிக்காமல் இருக்கும். அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் அவர்கள் தங்கள் குடியைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், திருப்பூரில், ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுவதற்காக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்த ஓர் அறையைத் திறந்துவிடுவார்கள். அங்கே யாரும் யார் பெயரையும் கேட்பதில்லை. அதை ஒரு சட்டமாகவே வைத்திருந்தார்கள். எனக்கும் அது பழகிப்போனதால் இதில் யார் பெயரும் வராது.

நான் குடிக்கிறவள் இல்லை. ஆனாலும் ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சில், புரட்டாசி முடிந்ததிலிருந்து மார்கழி வரைக்கும், ஞாயிறு தவறாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு மாத்தாளாக.

மாத்தாள் என்றால் என்னவென்று பனியன் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் மடிக்க என்று கண்ணி கண்ணியாகப் போகிற வேலை அது. நடுவில் ஓர் ஆள் வராவிட்டால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் வர முடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்ப வேண்டும். தம்பியோ, பெண்டாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரனோ, யாராக இருந்தாலும் சரி. ஆள் வந்துவிட்டால் அந்த மெஷின் அவருடையதுதான். ஆள் வராவிட்டால் மறுநாள் அந்த ஸ்டூலில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள், அதற்கு மேல் பேச்சே கிடையாது.

என் வீட்டுக்காரர் பனியனின் ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் டைலர். மடத்துக்குளத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் சேவூர்க்காரி, அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்குவது என் வேலை. அவர் தைத்த பீஸில் நான் ஒன்றைக்கூட ஒதுக்கியதில்லை. கட்டிக்கொண்ட பிறகு சலுகை காட்டுகிறாள் என்று மற்ற பெண்கள் கேலி பேசினார்கள். கட்டிக்கொள்வதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது. அந்தத் தையலைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்குத் தலையை ஆட்டினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடுவார்கள். அன்றைக்கு ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். புரோட்டாக் கடையில் கல் ஓயாது, பூக்காரி கூடை காலியாகும், சாராயக் கடை வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. இவர் சனிக்கிழமை அங்கே போனால் ஞாயிறு முழுக்க அதே போதையிலேயே இருப்பார். திங்கட்கிழமை எழுந்திருக்க மாட்டார். நான் போய் அவர் மெஷினில் உட்காருவேன். ஓவர்லாக் ஓட்ட அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார், ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார். அது இதற்குத்தான் பயன்பட்டது. செவ்வாய்க்கிழமை அவர் வந்து நின்று, "எந்திரி" என்பார். நான் எழுந்துகொள்வேன். துண்டால் ஸ்டூலைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, ஒரு தையல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆரு என்ற மெசின்ல டென்சன மாத்துனது" என்று முனகுவார். நூல் இறுக்கம் அவர் கைக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும், மயிரிழை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷனுக்கு வருகிற ரோஷத்தைப் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தெரிந்தது. எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு ஒரு படி மேலே. மெஷினையெல்லாம் எண்ணெய் போகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டி, பொரியும் கடலையும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பார்கள். பூஜை முடிந்ததும் ஆம்பளைகள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் நழுவுவார்கள். திரும்பி வரும்போது நடை மாறியிருக்கும். அன்றைக்கு எங்கள் கட்டிங் மாஸ்டர் மட்டும் ஒரு ஆரஞ்சு கலர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, துணி வெட்டுகிற மேஜைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின வருஷம் அதே மேஜைக்கு அடியில் கிடந்த மனுஷர் அவர். பார்த்துக்கொண்டே இருந்த நான் பக்கத்தில் போய், ஏனுங்க, விட்டுட்டீங்களா என்று கேட்டேன்.

அவர் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். "இன்னைக்கு இல்லீங்க அம்மிணி" என்றார்.

ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அவர் மெதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்ன பள்ளிக்கூடத்தில் தன்னைப் போன்றவர்கள் கூடுகிறார்கள், மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது, மதம் கேட்பதில்லை, உட்கார்ந்து பேசுவதோடு சரி என்றார். பேசினால் குடி போகுமா என்று கேட்டேன். பேசாமல் இருந்து போகவில்லையே என்றார். உங்கள் வீட்டுக்காரருக்கும் ஓர் இடம் போட்டு வைக்கச் சொல்கிறேன், வரச்சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

இடம் போட்டு வைப்பது என்று அவர் பேச்சுக்குச் சொன்னார். நான் அதைக் கம்பெனிக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது இவர் மறுக்கவில்லை. சரி என்று ஒத்துக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. சலூனில் அத்தனை நேரம் வெட்டினால் தலையே மிஞ்சாது என்று எனக்குத் தெரியாதா. வாசலில் நின்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது. கூட்டம் ஆரம்பிக்கிற நேரம் நெருங்க நெருங்க எனக்கு ஒரே பயம். இன்றைக்கு ஆள் போகாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இவர் மனசு மாறி அடுத்த வாரம் போனாலும் உட்கார இடம் இருக்காது. முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன்.

அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லாரும் ஆம்பளைகள். கட்டிங் மாஸ்டர் எழுந்து நின்று திருதிருவென்று விழித்தார். டீச்சர் நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வாராவாரம் ஊத்துக்குளியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறவர். ரயில்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று அவர் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு இங்கே ஓர் இடம் சொல்லியிருந்தது, "இந்த வாரம் அவரால வர முடியலீங்க. மாத்தாளா நான் வந்திருக்கறனுங்க" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரயில்காரர் சிரிக்கவில்லை. "ஒருத்தரு டிக்கெட்ல இன்னொருத்தரு போக முடியாதுங்க அம்மிணி" என்றார்.

"பனியன் கம்பெனில போலாமுங்க" என்றேன்.

டீ வரும் நேரம், குடித்துவிட்டுப் போகட்டும் என்று உட்காரச் சொன்னார்கள். ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சில் இடம் இருந்தது. நான் அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். ரயில்காரர் ஒவ்வொரு வாரமும் அந்த டிக்கெட் வசனத்தைச் சொல்லிவிட்டு, உட்காருங்க என்பார். அது எங்களுக்குள் ஒரு கும்பிடு மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டு வருவார்கள். என் முறை வந்தால் நான் இவருக்காகப் பேசுவேன். மாத்தாளாக வந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு வாரம் பஞ்சுத் தூசியைச் சொன்னேன், தொண்டையில் அடைக்கிற பஞ்சு கரைவதற்காகத்தான் குடிக்க ஆரம்பித்தார் என்று. ஒரு வாரம் ஊரில் கிணறு வற்றிப் போனதைச் சொன்னேன். இன்னொரு வாரம் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வருகிற உடம்பு அசதியைச் சொன்னேன். கான்ட்ராக்டர் திட்டியதைக்கூட விடவில்லை. அவர்கள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப்பு வேலை செய்துகொண்டிருந்த ஒரு தம்பி ஒருநாள் தாங்க முடியாமல், "அக்கா, நீங்க சொல்லுத காரணம் அம்புட்டையும் நானும் எங்க வீட்டுல சொல்லியிருக்கேன்" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டுக்காரரும் நீயும் ஒன்றா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குப் பேசியதை அப்படியே இவரிடம் ஒப்பிப்பேன். திங்கட்கிழமை மெஷினில் எத்தனை பீஸ் ஓடியது என்று சொல்வேன் அல்லவா, அது போல. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது. நான் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டே சொல்வேன். யார் என்ன பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன், அது அந்த அறையின் சட்டம். நான் இவரைப் பற்றி என்ன சொன்னேன் என்பதை மட்டும் சொல்வேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. முந்தின வாரம் நான் இவருடைய அப்பா இறந்துபோன துக்கத்தைக் காரணமாகச் சொல்லியிருந்தேன். கிளம்பும்போது, இன்றைக்கு அதையே இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்றேன். இவர் திரும்பிப் படுத்தார்.

"என்ற பேச்ச நீ எதுக்கு பேசற" என்றார்.

"நீங்க பேசுனா நான் எதுக்குங்க பேசறேன்" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு வந்துவிட்டேன். அத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து அதைப் பற்றி வந்த முதல் பேச்சு அது.

கூட்டம் பாதி போயிருக்கும். கதவுப் பக்கம் வெளிச்சம் மறைந்தது. இவர் நின்றுகொண்டிருந்தார். குளித்திருந்தார், கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். யாரையும் பார்க்காமல் நேராக மூன்றாவது பெஞ்சுக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"எந்திரி."

நான் எழுந்துகொண்டேன். துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். இவராகத்தான் பேசினார்.

"இவ சொன்னதுல ஒண்ணும் நெசமில்லீங்க. பஞ்சும் இல்லீங்க, கெணறும் இல்லீங்க, எங்கப்பனும் இல்லீங்க. எனக்குக் குடிக்கோணுமுங்க, அவ்வளவுதான். காரணமெல்லாம் பொறவு தேடிக்கறதுங்க. நான் தேடாதப்ப இவ தேடிக் குடுத்துட்டா."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வாரம் ஊர் ஆம்பளைகள் நடுவில் உட்கார்ந்து இவருக்காக வாதாடியவளுக்குக் கிடைத்த மரியாதை இது என்று அழுகை முட்டியது. அழவும் செய்தேன். ஆனால் வராந்தாவில் போய் நின்று அழும்போதே ஒன்று புரிந்தது. நான் வைத்த நூல் டென்ஷனைத்தான் அவர் மாற்றி வைக்கிறார். தன் தையலைத் தானே ஓட்ட உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் குடித்தார். அடுத்த ஆயுத பூஜைக்கும் குடித்தார். இரண்டு தடவையும் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து, குடித்தேன் என்று சொல்லிவிட்டு வந்தார். என்னை அனுப்பவில்லை. அதற்குப் பிறகு குடிக்கவில்லை. யாராவது கேட்டால் விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டார். இன்னைக்கு இல்லீங்க என்பார்.

அப்புறம் வந்த ஞாயிறுகள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல ஞாயிறுகள். உள்ளே அவர்கள் பேசிக்கொண்டிருக்க, வெளியே வராந்தாவில் பெண்டாட்டிமார் உட்கார்ந்திருப்போம். பிசிறு நூல் வெட்ட வேண்டிய பனியன் கட்டு ஆளுக்கொன்று கொண்டுவந்துவிடுவோம். கத்திரியும் வாயும் ஒன்றாக ஓடும். உள்ளே இருக்கிறவர்களை நாங்கள் கிழித்த கிழியை அவர்கள் கேட்டிருந்தால் மறுபடி குடிக்கப் போயிருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் டீயும் முறுக்கும் வரும். ரயில்காரர் எப்போதாவது ஊத்துக்குளி வெண்ணெய் உருண்டையை வாழை இலையில் கட்டிக்கொண்டு வந்து எங்களுக்குப் பங்கு போடுவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு இவர் மல்லிகைப்பூவும் புரோட்டாவும் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். பூ வாடாமல் வந்து சேர்வதைப் பார்க்கவே எனக்கு வாரம் முழுக்கக் காத்திருக்கலாம் போலிருக்கும்.

தொண்ணூறுகளில் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைப் பனியன் போய் எக்ஸ்போர்ட் கலர் வந்தது. நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடியது. டீக்கடையில் இந்தி கேட்க ஆரம்பித்தது. அந்தத் திருநெல்வேலித் தம்பி மெஷின் பிடித்து, கல்யாணம் கட்டி, அவன் பெண்டாட்டியும் எங்களோடு பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மாடி எழும்பியது. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு மட்டும் அப்படியே இருந்தது, முழங்காலும் மோவாயும் அப்படியே இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியில் என் மடிமேல்தான் தலை இருந்தது. சாராய வாடை துளிகூட இல்லை.

மடத்துக்குளத்துப் பக்கம் அவர் ஊருக்கே கொண்டுபோனோம். அங்கெல்லாம் குழி வெட்டுகிறவர்களுக்கும் பாடை தூக்குகிறவர்களுக்கும் சரக்கு வாங்கித் தராமல் சாவு நகராது. என் கொழுந்தனார் அதற்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினார். "இந்த மனுசனுக்கு வேண்டாமுங்க" என்றேன். அப்படியானால் குழியை யார் வெட்டுவது என்று அவர் கத்தினார். ஆட்கள் முனகிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். திருப்பூரிலிருந்து ஒரு வேனில் வந்து ஓரமாக நின்றிருந்தவர்களில் கட்டிங் மாஸ்டர்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார். திருநெல்வேலித் தம்பி மண்வெட்டியை எடுத்தான். கத்திரியும் ஊசியும் பிடித்துப் பழகிய கைகள் அவை. குழி வெட்டி முடிக்கும்போது எல்லார் கையிலும் கொப்புளம். அந்தக் கையோடு வந்துதான் பாடையைத் தூக்கினார்கள். உடம்பு தளர்ந்துபோயிருந்த ரயில்காரர் ஒரு கைப்பிடி மண்ணோடு முன்னால் நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருக்க முடியவில்லை. கூட்டம் ஆரம்பிக்கிற நேரம் நெருங்க நெருங்க அதே பழைய பதைப்பு. துக்க வீட்டுக்காரி வெளியே போகக் கூடாது என்று பக்கத்து வீட்டில் தடுத்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வராந்தாவில் பெண்கள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் நிற்காமல் உள்ளே போனேன். ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சில் யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள். முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகப் பேசி என் முறை வந்தது.

"இந்த வாரம் அவரால வர முடியலீங்க" என்றேன். "மாத்தாளா வந்திருக்கறனுங்க."

ரயில்காரர் டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் டிக்கெட்டில் இன்னொருத்தர் போக முடியாது என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.